வீடே கிளம்பிப் போன படங்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு படம் எப்படி என்று விசாரிக்கிறவர்கள், "ஊட்டோட போலாமுங்களா?" என்றுதான் கேட்பார்கள். நடிப்பு, பாட்டு, சண்டை எல்லாம் அதற்குப் பிறகு. அம்மாவைப் பெற்ற அம்மாயி, அம்மா, சித்தி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகள், வேண்டாவெறுப்பாகக் கூட வரும் மாமா என்று ஒரு வீடே கிளம்பிப் போய், முகம் சுளிக்காமல் திரும்பி வர முடியுமா என்பதே கேள்வி. இப்போது யாரும் யாரிடமும் அப்படிக் கேட்பதாகத் தெரியவில்லை. நான் ஏங்குவது அந்தக் கேள்விக்காகவும், அதற்குத் தயங்காமல் "போலாமுங்க" என்று பதில் சொல்ல வைத்த படங்களுக்காகவும்தான்.

சினிமாவில் எனக்கு எந்த வேலையும் இல்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவன். இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கென்று சில முடிவுகள் உண்டு. அழ வைப்பதைவிடச் சிரிக்க வைப்பது கடினம். எட்டு வயதுக் குழந்தையையும் எழுபது வயதுக் கிழவியையும் ஒரே இடத்தில் சிரிக்க வைப்பது அதைவிடக் கடினம். அந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக் கொஞ்சம் பயமுறுத்தி, பிறகு தைரியம் சொல்லி வீட்டுக்கு அனுப்பும் சாகசப் படம் எல்லாவற்றையும்விடக் கடினம். இந்த இரண்டு வகைப் படங்களையும் எடுத்தவர்களுக்கு நம் ஊரில் பெரிய விருதுகள் அதிகம் கிடைத்ததில்லை. கிடைத்திருக்க வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்குக் கிடைத்தது டூரிங் கொட்டகை. பொழுது சாயும்போது சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு குழாய் ஒலிபெருக்கியில் கேட்டால், டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பாட்டு முடிவதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, அடுப்பை அணைத்து, கதவைச் சாத்தி எல்லோரும் வாசலுக்கு வந்துவிட வேண்டும். தரை டிக்கெட்டில் மணலைக் கூட்டி மேடாக்கி உட்காருவோம். பெண்களுக்குத் தனிப் பக்கம். சிறு பிள்ளைகள் மட்டும் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மூன்று நான்கு இடைவேளை விடுவார்கள். ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்கும் கடலை மிட்டாயும் கலரும் வரும். அதோடு, அதுவரை பார்த்த கதையைப் பற்றிய பேச்சும் வரும். "அந்தக் கெழவன் இவன நம்பிட்டானே, இனி என்ன பண்ணப் போறானோ" என்று முன்பின் தெரியாதவர்கள்கூட நம்மிடம் கவலைப்படுவார்கள். பழைய படங்கள்தான் வரும். 1964-இல் வெளியான படத்தை நான் பள்ளியில் படிக்கும்போது புதுப் படம் போலப் பார்த்தேன். எங்களுக்கு அது புதுப் படம்தான்.

அந்த 1964 படம் 'காதலிக்க நேரமில்லை'. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் உரிமை உண்டு. அதன் வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பகுதி ஆழியாறில் எடுக்கப்பட்டவை. அணையும் மலையும் திரையில் வரும்போது, "நம்ம ஆளியாறு, நம்ம ஆளியாறு" என்று கொட்டகை முழுக்கச் சத்தம் கேட்கும். வால்பாறை மலை ஏறும்போதெல்லாம் பார்த்த அதே இடம், ஈஸ்ட்மென் கலரில் பார்த்தபோது வேறு ஏதோ பணக்கார நாடு போல இருந்தது.

ஆனால் நான் அந்தப் படத்தைக் கொண்டாடுவது ஆழியாறுக்காக அல்ல. அதில் வில்லன் இல்லை. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் எழுதிய அந்தக் கதையில் யாரும் யாரையும் அடிப்பதில்லை, கடத்துவதில்லை, விஷம் வைப்பதில்லை. ஒரு பணக்கார எஸ்டேட் முதலாளி, அவருடைய இரண்டு மகள்கள், சினிமாப் பைத்தியமான மகன், வேலையை விட்டு நீக்கப்பட்டு முதலாளி வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போடும் இளைஞன், அவனுக்காகக் கிழவன் வேஷம் போடும் நண்பன். அவ்வளவுதான். எல்லாச் சிக்கலும் ஒரு பொய்யிலிருந்து கிளம்புகிறது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய் வருகிறது. முதலாளியாக வரும் டி.எஸ். பாலையாவின் பண ஆசைதான் கதையின் அச்சு. ஒரு பையன் பணக்காரன் என்று தெரிந்த நொடியில் அவருடைய முதுகு வளைவதும் குரல் குழைவதும் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. கெட்டவராகவும் தெரியமாட்டார், நல்லவராகவும் தெரியமாட்டார். நம் சொந்தக்காரர்களில் ஒருவராகத் தெரிவார். எங்கள் அம்மாயி, "அப்படியே நம்ம பெரிய மச்சாண்டாரு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரையைப் பார்த்துச் சிரித்த சிரிப்போடு அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

மகனாக வரும் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சேர்க்க நினைப்பது ஒன்று. அந்தக் காட்சியில் கதை சொல்கிறவர் நாகேஷ். ஆனால் நாம் சிரிப்பது பாலையாவின் முகத்தைப் பார்த்து. சொல்கிறவனைவிடக் கேட்கிறவனுக்கு அதிக இடம் கொடுத்த காட்சி அது. கதவு கிறீச்சிடும் சத்தத்தை நாகேஷ் வாயாலேயே போட, பாலையா பயத்தில் சுருங்குகிறார். அப்போது கொட்டகையில் ஓர் அதிசயம் நடந்தது. குழந்தைகள் உண்மையாகவே பயந்தார்கள், பெரியவர்கள் சிரித்தார்கள். குழந்தைகள் திரும்பிப் பெரியவர்கள் சிரிப்பதைப் பார்த்து, பயப்படத் தேவையில்லை என்று புரிந்துகொண்டு தாங்களும் சிரித்தார்கள். தனியாக உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இந்த அனுபவம் ஒருபோதும் கிடைக்காது. இதே கதையை 1966-இல் 'பியார் கியே ஜா' என்று இந்தியில் எடுத்தார்கள். மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் அந்தக் காட்சியில் நடித்தார்கள். அதுவும் நல்ல நடிப்புதான். ஆனாலும் எனக்குப் பாலையாவின் கண்கள்தான்.

நாகேஷ் தாராபுரத்துக்காரர் என்பதில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பெருமை. கவுண்டமணி உடுமலைப் பக்கத்து வல்லக்குண்டாபுரம். சிரிக்க வைக்கிற ஆள்களில் இரண்டு பேரை அமராவதிக் கரைப் பக்கமும் உடுமலைப் பக்கமும் கொடுத்திருக்கின்றன என்று மாமா அடிக்கடி சொல்வார்.

சாகசப் படங்களில் எனக்கு முதல் இடம் 'மாயா பஜார்'. 1957-இல் கே.வி. ரெட்டி விஜயா நிறுவனத்துக்காகத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தது. மகாபாரதக் குடும்பத்துக் கதை. ஆனால் பாண்டவர்கள் ஒருவர்கூடத் திரையில் வருவதில்லை. இதைப் பெரியவனான பிறகுதான் கவனித்தேன். கவனித்தபோது அந்தத் திரைக்கதையின் துணிச்சல் பிடிபட்டது. கதை முழுக்க ஒரு கல்யாணம், அதைக் கெடுக்க நினைக்கும் பெரியவர்கள், அதை நடத்திக் காட்டும் ஓர் அரக்கன். எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன், கல்யாணச் சமையலறைக்குள் புகுந்து சாப்பிடும்போது லட்டுகள் தாமாகப் பறந்து வாய்க்குள் போகும். மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா வித்தை அது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்ற வியப்பு இன்றும் எனக்குத் தீரவில்லை.

அந்தப் படத்தில் அரக்கன் நம் பக்கம் இருக்கிறான். குழந்தைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எது? பயங்கரமான உருவமுள்ள ஒருவன், அம்மா சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டு, அபிமன்யுவின் காதலுக்காக ஒரு நகரத்தையே உருவாக்குகிறான். அபிமன்யு அவனுக்குத் தம்பி முறை. உறவு முறை தவறினால் அம்மாயி அங்கேயே திருத்துவார். மணப்பெண் வடிவம் எடுத்த கடோத்கஜனாகச் சாவித்திரி நடக்கும் நடையும், மணவறையில் மாப்பிள்ளையின் காலை ஓங்கி மிதிக்கும் மிதியும் வந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பு ஆண்கள் பக்கத்துச் சிரிப்பைவிடப் பெரியது. அதில் வெறும் சிரிப்பு மட்டும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். விருப்பமில்லாமல் மணவறையில் உட்கார்ந்த பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

'பட்டணத்தில் பூதம்' 1967-இல் வந்தது. ஜாடியிலிருந்து வெளியே வரும் ஜீபூம்பா என்ற பூதமாக ஜாவர் சீதாராமன். 'உடல் பொருள் ஆனந்தி' எழுதிய அதே எழுத்தாளர்தான். கதை எழுதத் தெரிந்தவர் பூதமாக நடித்ததாலோ என்னவோ, அந்தப் பூதத்துக்கு ஒரு மரியாதையும் களங்கமில்லாத மனசும் இருந்தன. 1965-இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' கப்பலையும் கடற்கொள்ளையரையும் காட்டியது. கடலே பார்த்திராத எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அடுத்த ஒரு மாதம் கிணற்று மேட்டில் வாள் சண்டை போட்டார்கள்.

தேவர் படங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாண்டோ சின்னப்பா தேவர் கோவைக்காரர். யானை, பாம்பு, ஆடு, குரங்கு என்று எதையும் கதாபாத்திரமாக்கிவிடுவார். 1971-இல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி' எடுத்தார். அதையே 1972-இல் எம்.ஜி.ஆரை வைத்துத் தமிழில் 'நல்ல நேரம்' ஆக்கினார். இரண்டையும் இயக்கியவர் அவருடைய தம்பி எம்.ஏ. திருமுகம். 1977-இல் 'ஆட்டுக்கார அலமேலு'. 1979-இல் ரஜினி நடித்த 'அன்னை ஓர் ஆலயம்'. தாயைப் பிரிந்த யானைக்குட்டியின் கதை. படித்தவர்கள் இந்தப் படங்களை மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறவர்களுக்கு யானை என்றால் தோட்டத்தில் வாழையை முறித்துப் போடும் ஜீவன். டாப்ஸ்லிப் பக்கம் முகாமில் பாகனோடு நிற்கும் ஜீவனும் அதுதான். பயமும் பாசமும் கலந்த அந்த உறவைத் தேவர் புரிந்து வைத்திருந்தார். யானைக்குட்டி தாயைத் தேடிப் பிளிறும்போது எங்கள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு விலங்குக்காக மனிதர்கள் கூட்டமாக அழுவது ஊருக்கு நல்லது என்பது என் கருத்து. இன்று விலங்குகளைப் படப்பிடிப்பில் பயன்படுத்தக் கடுமையான விதிகள் இருக்கின்றன. அவை அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பாசத்தை வேறு வழியில் திரைக்குக் கொண்டுவர யாரும் பெரிதாக முயலவில்லையே என்பதுதான் வருத்தம்.

'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984-இல் வந்தது. நவோதயா நிறுவனத்தின் ஜிஜோ இயக்கிய மலையாளப் படம், இந்தியாவின் முதல் 3டி படம். இசை இளையராஜா, ஒளிப்பதிவு நம் அசோக்குமார். கேரள எல்லைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அந்தப் படத்தைப் பற்றிய சேதி பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்த கூட்டத்தில், திரையிலிருந்து நீட்டப்பட்ட ஐஸ்கிரீமைப் பிடிக்கக் கை நீட்டாதவர்களே இல்லை. பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் பாட்டுக்காக ஓர் அறையையே சுழலும்படி கட்டியிருந்தார்கள் என்று பிறகு படித்தேன். படித்த பிறகும் மயக்கம் கலையவில்லை. அம்மாயி கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சாமி, இது கண்ணாடிக்குள்ள நடக்குதா, வெளிய நடக்குதா?" என்று கேட்டார்.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமான படம். 'மைக்கேல் மதன காமராஜன்', 1990 தீபாவளி. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம், கமல் நான்கு வேடம். நகைச்சுவையும் சாகசமும் இவ்வளவு ஒன்றாகக் கலந்த தமிழ்ப் படம் இன்னொன்றை எனக்குத் தெரியாது. கதை தொடங்கியதுமே குழந்தைகள் பிரிகிறார்கள், சூழ்ச்சி செய்யும் சித்தப்பா வருகிறார், சொத்து வருகிறது. பத்துப் பழைய படங்களின் கதை அது. அதை எடுத்துக்கொண்டு, மனிதர்கள் ஒருவரை ஒருவர் தப்பாக அடையாளம் கண்டுகொள்வதை மட்டும் வைத்து மூன்று மணி நேரம் ஓட்டினார்கள். நாகேஷின் பெயர் அவினாசி என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் மட்டும் ஒரு தனிச் சிரிப்பு எழுந்திருக்கும். சாம்பாருக்குள் மீன் விழுந்து, பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன் தவிக்கும் காட்சியில் ஜனங்கள் சிரித்த சத்தத்தில் அடுத்த நான்கைந்து வசனங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அந்த வசனங்களைக் கேட்பதற்காகவே இரண்டாம் முறை போனோம். இரண்டாம் முறையும் கேட்கவில்லை.

எஸ்.என். லட்சுமியம்மாள் கை நீண்ட பாட்டியாக வந்ததை மறக்க முடியுமா? டெல்லி கணேஷ், மனோரமா, வெண்ணிற ஆடை மூர்த்தி, ஊர்வசி என்று ஒவ்வொருவருக்கும் முழுசாக ஒரு சிரிப்பு கிடைத்தது. கடைசியில் மலை விளிம்பில் வீடு முன்னும் பின்னும் சாயும் காட்சி, 1925-இல் சாப்ளின் எடுத்த 'தி கோல்ட் ரஷ்' படத்துக்கு வணக்கம் சொல்வது. அதைத் தெரிந்தவர்கள் தெரிந்து ரசித்தார்கள். தெரியாத என் அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் போகாதே, இந்தப் பக்கம் வா" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பயமும் சிரிப்பும் ஒரே மூச்சில். குடும்பச் சாகசப் படம் என்றால் எனக்கு அந்தக் கடைசி இருபது நிமிடம்தான் அளவுகோல்.

இதெல்லாம் எப்போது கை நழுவியது? ஒரு நாளில் அல்ல. கதை ஒரு பக்கம் போக, காமெடி டிராக் தனியாக எழுதி இடையிடையே ஒட்டும் வழக்கம் எண்பதுகளில் வேரூன்றியது. அதிலும் மகத்தானவை உண்டு. 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை எழுதிய ஏ. வீரப்பனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் தனியாக ஒட்டியதைத் தனியாகப் பிரிப்பதும் சுலபம். பிறகு வந்த நகைச்சுவைச் சேனல்கள் அப்படியே பிரித்து எடுத்துக்கொண்டன. ஆதித்யாவிலும் சிரிப்பொலியிலும் நாள் முழுக்கக் காட்சிகள் ஓடுகின்றன. கதை இல்லை, அதற்கு முன் என்ன நடந்தது என்பது இல்லை. மூன்று நிமிடம் சிரித்து, விளம்பரம் பார்த்து, மறுபடி சிரிக்கிறோம். கருப்பு நிறத்தையும் பருத்த உடலையும் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்த வசனங்களும் அந்த டிராக்குகளில் நிறைய உண்டு. பள்ளிக்கூடத்தில் அவற்றைத் தினமும் கேட்டு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்காக நான் ஏங்கவில்லை. அது போனால் நல்லது.

கொட்டகைகள் மூடின. அம்மாயிகள் தியேட்டருக்குப் போவதை நிறுத்தினார்கள். படியேற முடியவில்லை, சத்தம் தாங்கவில்லை, ரத்தம் பார்க்கப் பிடிக்கவில்லை. பண்டிகைக்கு வரும் பெரிய நடிகர்களின் படங்களில் கத்தியும் துப்பாக்கியும் குறைந்தால் ஆச்சரியம். தணிக்கைச் சான்றிதழிலேயே இப்போது ஏழு வயது, பதின்மூன்று வயது, பதினாறு வயது என்று யுஏ மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பெற்றோருக்கு அது உதவிதான். ஆனால் பதினைந்து, பத்து, ஐந்து வயதில் மூன்று பிள்ளைகள் இருக்கிற வீடு எந்தப் படத்துக்குக் கிளம்புவது? எங்கள் வீட்டில் இன்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு அறையில், ஒவ்வொரு போனில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனித்தனியாகச் சிரிக்கிறோம். எதற்குச் சிரித்தாய் என்று கேட்டால், "சும்மா" என்று பதில் வருகிறது.

அந்த வகைப் படம் செத்துவிட்டது என்று நான் நம்பவில்லை. 2024-இல் 'குரங்கு பெடல்' வந்தது. ஒரு கிராமத்துப் பையன் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதையே சாகசமாக்கிய படம். கூட்டம் குறைவாக இருந்தது என்று சொன்னார்கள். நான் பார்த்த காட்சியில் முன் வரிசைப் பிள்ளைகள் நாற்காலியில் நின்றுகொண்டு அந்தப் பையனுக்குத் தைரியம் சொன்னார்கள். 2025-இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி', இலங்கையிலிருந்து தப்பி வந்து சென்னையில் ஒளிந்து வாழும் ஒரு குடும்பத்தின் கதை. எவ்வளவு கனமான விஷயம்! அதை எடுத்துக்கொண்டு ஒரு தெருவையே சிரிக்கவும் நெகிழவும் வைத்தார்கள். சசிகுமாரும் சிம்ரனும் பேசும்போது பக்கத்து வரிசையில் ஒரு பாட்டி, பேரனிடம் காட்சிக்குக் காட்சி விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் "சத்தம் போடாதீங்க" என்று சொல்லவில்லை.

படம் எடுக்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வருடத்துக்கு ஒரு படமாவது வில்லனின் தலை உருளாமல் எடுங்கள். கூட்டம் வரும். 1964-இலும் 1990-இலும் வந்தது. வாசகர்களிடம் இன்னொன்று. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து 'காதலிக்க நேரமில்லை' போடுங்கள். பேய்க் கதைக் காட்சியை மட்டும் தேடி எடுத்துப் போடாதீர்கள். அதற்கு முன்னால் வருவதைப் பார்த்தால்தான் பாலையாவின் பயம் முழுசாகச் சிரிப்பு தரும். போன்களை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். முதல் ரீலிலிருந்து பாருங்கள்.